பக்கமா திரும்பு

"எத்தினி மாசம் தாட்சாயணி? கார்டு போடணும் கதா" என்று தெலுங்கு கலந்த தமிழில், வாசலில் நின்றபடி கேட்டாள் ரத்னம்மா. கர்ப்பிணிகளின் பெயரை வீடுவீடாக எழுதிக்கொண்டு வந்த ஆஷா பணியாளர் அவள். கேட்கும்போதே நோட்டை விரித்துவிட்டாள். சித்தூர் மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து, புத்தலப்பட்டில் பஸ் இறங்கி அப்போதுதான் வந்திருந்த தாட்சாயணி, கைப்பையை வயிற்றுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா. உப்புசம்."

ரத்னம்மா சிரித்தாள். தாட்சாயணியின் கணவன் ஹரிபாபு குவைத்துக்குப் போய்ப் பத்தொன்பது மாதம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சட்டென்று சிரிப்பை நிறுத்தி நோட்டை மூடினாள். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் மனோரமா தலை நிமிரவில்லை. கை மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஆய்ந்தது.

காலையில் தட்டையாக இருக்கும் வயிறுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊத ஆரம்பிக்கும். மூன்று மணிக்கு வெள்ளைக் கோட்டின் கீழ்ப் பொத்தானைக் கழற்றியாக வேண்டும். வீடு திரும்பும்போது ஆறு மாத வயிறு. ஒரு வருடத்துக்கு மேலாக இப்படி. பருப்பை நிறுத்தினாள், பாலை நிறுத்தினாள், கோதுமையை நிறுத்தினாள். எண்ணெய்ப் பண்டம் தொட்டதில்லை. விடியலில் ஏரிக்கரை வரை நடந்தாள். திருப்பதியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல், ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். மறுக்க வாய் வராமல் உட்கார்ந்தவள், இறங்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஹரிபாபுவுக்கு விடுமுறை. சாயங்காலம் வீடியோவில் வந்தான். மனோரமா பால் வாங்கப் போயிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்து நில்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். முழுசாப் பாத்து நாளாச்சி."

போனை மாவு டப்பாவில் சாய்த்துவைத்து, பின்னால் நகர்ந்து நின்றாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டாள்.

"பக்கமா திரும்பு."

திரும்பினாள். திரும்பிய பிறகுதான் புரிந்தது. அங்கே ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதே போனை அணைத்திருக்கலாம். அவளோ, அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"எல்லாத்துக்கும் ரிப்போர்ட் இருக்குது" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

பேசி முடித்ததும் பீரோவிலிருந்து ஸ்கேன் தாளை எடுத்தாள். கர்ப்பப்பை நார்மல் என்ற வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பினாள். சற்று நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனோரமா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன். ஊருல நாலு பேரு சொல்றதுக்கு முன்ன நானே சொல்லிடலாம்னு. அளவாத்தான் துன்ற, தெனமும் நடந்துக்கினு இருக்க. அப்பவும் இப்பிடி இருந்தா எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கே தெரியல அத்த."

மனோரமா மடித்த துணிகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "வலிக்குதா?" என்றாள்.

அந்த வீட்டில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தாட்சாயணி கையிலிருந்த பாவாடையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"வலி இல்ல. இறுக்கமா இருக்குது. வேற யாரோட வயித்தையோ தூக்கிக்கினு நடக்கிற மாதிரி."

"தொட்டுப் பாக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் புடவையின் மேல் மனோரமாவின் உள்ளங்கை வந்து படிந்துவிட்டது. நான்கு பிள்ளை பெற்றவளின் கை. அது ஆறுதலுக்கு வந்ததா, எதையாவது தேட வந்ததா என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். உள்ளே எங்கோ காற்று புரண்டு, ஒரு முனகலாக இடமிருந்து வலமாக நகர்ந்தது. மனோரமா, மூடிய கதவுக்கு அப்பால் யாரோ பேசுவதைக் கேட்பவளைப் போலத் தலையைச் சாய்த்து, சத்தம் போன பக்கமாகக் கையை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள்.