ஒரு லயத்தின் சம்மதம்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா போகையில், முன் சீட்டுப் பெண் தன் போனிலிருந்து எதையோ தோழிக்கு வாசித்துக் காட்டினாள். ஏதோ ஒரு விளையாட்டின் ஒப்பந்தம். "இதயெல்லாம் யாருடி வாசிக்கிறது?" என்றாள் தோழி. "நான் வாசிக்கிறேன்ல?" என்றாள் அவள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போனது. பெயர் தெரியாததால் ஷிராணி என்று வைத்துக்கொண்டேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'பனி மூடிய மலைச்சரிவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்...' வேண்டாம். மலையகம் என்றாலே கம்பளம் விரித்தாக வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

2

ஷிராணி ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். பகலெல்லாம் யாருக்கோ கல்யாணச் சேலை விரித்துக் காட்டுகிறவள், வீட்டுக்கு வந்துவிட்டால் போன் விளையாட்டில் நால்வர் அணிக்குத் தலைவி. அந்த அணியைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது.

'விளையாட்டு இயங்காத வேளையிலும் சாதனத்தைச் சுற்றியுள்ள ஒலிகளைப் பதிவுசெய்யவும், எமது கூட்டாளிகளுடன் பகிரவும் சம்மதிக்கிறீர்கள். உங்கள் இருப்பிடத்திலுள்ள மற்றவர்களின் சம்மதத்தையும் பெற்றுவிட்டதாக உறுதியளிக்கிறீர்கள்.'

(மைக்கை அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்கும் வாசகருக்கு: அடைத்துப் பார்த்தாள். விளையாட்டு திறக்கவில்லை. நீங்கள் கெட்டிக்காரர், அவர்கள் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.)

உடப்புசல்லாவையிலிருந்து அணியின் மிலான் அழைத்தான். "அக்கா, சம்மதம்னு அமத்திட்டு வாங்க. எல்லாரும் அமத்திட்டோம்."

"மத்தவங்ககிட்ட கேட்டாச்சான்னு போட்டிருக்கேடா. நீ யார்கிட்ட கேட்ட?"

"யாரு கேப்பாங்க அதெல்லாம்?"

"நான் கேக்கப் போறேன்," என்று போனை வைத்தாள்.

3

இங்கே நான் கொஞ்சம் கட்டுரை எழுதியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே கூரை. ஷிராணியின் லயத்தில் இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அங்கே குடும்ப மானத்தைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டார்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை எழும்பினால் இந்தப் பக்கம் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். ரேடியோ இல்லாதவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒன்றும் தெரியாதவர்கள்போலக் குடத்தை நீட்டுவார்கள். எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத மரியாதை இது. போனுக்கு இந்த மரியாதை தெரியாது.

பக்கத்து வீடு மீனம்மா. அவருடைய மகள் ஜீவராணி, வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போனவள், அடி தாங்காமல் அந்த வீட்டைவிட்டு ஓடிவிட்டாள். பாஸ்போர்ட் முதலாளியிடம். அவன் ஆள்வைத்துத் தேடுகிறான். அவள் ஒளிந்திருப்பது [ஊரை எழுதினேன், அழித்துவிட்டேன்]. சாயங்காலங்களில் தாய்க்குப் போன் எடுப்பாள். சிக்னல் சரியில்லாததால் மீனம்மா கத்தித்தான் பேசுவார், இடத்தின் பெயரையும் சேர்த்து. உடனே வரிசையாக ரேடியோக்கள் உயரும்.

4

கடை விட்டு வந்ததும் ஷிராணி வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டு முத்துலிங்கம், "வெளாட்டுதானே, போடு புள்ள," என்றார். அடுத்தது மீனம்மா. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஷிராணி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு முகம் சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கிறது என்பதை அந்த லயத்தில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மீனம்மா கீரையை வைத்தார். "ஒனக்குக் கேக்கும்னு தெரியும் புள்ள. நீ ரேடியோவ கூட்டுறதும் எனக்குக் கேக்கும்."

"இப்ப என்ன செய்யட்டும் பெரியம்மா?"

"அவனுங்க கேட்டு என்ன செய்வானுங்க?"

"யாருக்கோ குடுப்பாங்க. யாருக்குன்னு போடல."

"அப்ப முடியாதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

ஷிராணி அங்கேயே, அவர் பார்க்க, 'சம்மதமில்லை'யை அழுத்தினாள். கணக்கு அழிக்கப்படும், உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்றாள். இருப்பிடத்தார் சம்மதத்தைப் பற்றி அத்தனை சுலபமாக எழுதியவர்கள், அவளுடைய மறுப்பை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள்.

5

முடிவு அ: ஞாயிறன்று மற்ற மூவரும் போனைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம்... (பொய். மிலான் விளையாடத்தான் போனான். பதினெட்டு வயதுப் பையனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?)

முடிவு ஆ: கம்பெனி மன்னிப்புக் கேட்டு... (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இ: அவள் இடத்தில் வேறொருத்தனைச் சேர்த்துக்கொண்டார்கள். தோற்றார்கள் என்று எழுத ஆசைதான். ஜெயித்துவிட்டார்கள். கோப்பையோடு நின்ற படத்தைப் பார்த்து ஷிராணி அழுதாள், ஆத்திரத்தில். "இன்னொரு தடவ வந்தாலும் சம்மதம்னு அமத்த மாட்டேன்," என்றாள்.

யாரிடம் சொன்னாள்? என்னிடம்தான். அதோடு விடவில்லை. "நீங்க பெரியம்மாகிட்ட கேட்டீங்களா? சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் எழுதிட்டுப் போறீங்களே."

நானே பெயர் வைத்த பெண் என்னைக் கேட்ட கேள்வி இது. ஊரின் பெயரை அழித்தது அப்போதுதான்.

6

ஜீவராணி பிடிபட்டாளா, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கினாளா? உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இவ்வளவு தூரம் வாசித்ததால் உரிமையே இருக்கிறது என்றுகூட நினைக்கிறீர்கள். அந்தக் கம்பெனியும் அப்படித்தான் நினைத்தது.

எனக்கு முடிவு தெரியும். சொல்ல மாட்டேன். அது மீனம்மாவுடையது. வேண்டுமானால் டிக்கோயாவில் இறங்கி, மேலே ஏறி, கதவைத் தட்டி அவரிடமே கேளுங்கள். அவர் முடியாது என்றால், ஒரு தடவைக்கு மேல் கேட்காமல் திரும்பி வாருங்கள்.