பாவு அறுந்த பகல்

1

கவிப்பிரியா மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடித் தொட்டியின் மேல் குனிந்தாள். நீரில் பாலாடைபோல் மிதந்த ஏடு கண்ணுக்கே தெரியாது. ஒரே ஒரு மூலக்கூறு கனம். அடியிலிருந்து தட்டை உயர்த்தி, கிழியாமல் ஏந்திவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி தேறும். விரல் நகர்ந்தது. அப்போது கதவுக்கு வெளியே ஒரு கறுப்பு உருவம்

(அந்த வரியை அடித்துவிட்டேன். முப்பது தொடர்கதை எழுதிய கை, தானாக வந்துவிடுகிறது. வெளியே நின்றது டிபன் பாக்ஸோடு நான். அவள் கணவன்.)

2

இந்தக் கதை இன்று காலை தோசைக்கு நடுவே பிறந்தது. "யார் யாரையோ வச்சு எழுதுற, என் ஏட்ட வச்சு எழுத மாட்டியா பாவா?" என்றாள். மாமன் மகள், கல்யாணத்துக்கு முன்பே நான் அவளுக்குப் பாவா.

வேதியியலும் அவளே சொன்னதுதான். "நைலான் இன்னா? நூலு. மூலக்கூறுங்க வரிசையா கைகோத்துக்கினு போவும். என்னுது துணி. தண்ணி மேல பரப்பி வெளிச்சம் காட்னா எல்லாப் பக்கமும் கைகோத்துக்கும்."

அம்மையார்குப்பத்தில் தறி வீட்டில் பிறந்தவள். ஆய்வேட்டில் 'இருபரிமாணப் பாலிமர்' என்று எழுதுவாள், பதறினால் அவள் வாயில் அந்த ஏடு 'பாவு'தான்.*

* தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்.

3

அந்தப் பகல், அவளுடைய திருத்தணி ஆய்வகத்தில் மின்சாரம் இல்லை. திடீரென்று வந்தது. மின்விசிறி சுழன்றது. ஏடு சுக்கல்.

"சுவிச்ச அணைக்காமலே உக்காந்துட்டேன் பாவா. என் புத்திதான்."

நான்கு மாதமாக இதே புலம்பல். நாளை மறுபடி ஏந்தப்போகிறாள். இப்போதே கை நடுங்குகிறது. நடுங்கும் கையில் அது நிற்காது.

4

முடிவு ஒன்று: போட்டி ஆய்வாளரின் சதி. (திருத்தணி வெயிலிலா? வேண்டாம்.)

முடிவு இரண்டு: மலைக் குரங்கு. சுவிட்சு வெளித் தாழ்வாரத்தில்தானே இருக்கிறது?

"இன்னா பாவா, வில்லன் கெடைச்சானா?"

"ஆங், தேடிக்கினு கீறேன்."

"கொரங்கு மேல போட்றாத. பாவம், அதுக்குத் தேங்கா பறிக்கவே நேரம் பத்தல."

முடிவு மூன்று: அன்று மின்சாரம் வந்த நொடி, கையில் தட்டோடு நகர முடியாமல், தனக்குத்தானே அவள் பதறியது, "ஐயோ, பாவு! ஃபேன் சுவிச்சு!" நான் வெளியே நிற்பது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதோ

5

என் முதல் வாசகி அவள்தான். நாளை தொட்டிமுன் குனியுமுன் இதைப் படித்துவிடுவாள். சிரிப்பாளா, தட்டை என் தலையில் போடுவாளா, கை நடுக்கம் நிற்குமா? முடிவை அவளே எழுதிக்கொள்ளட்டும். அந்தரத்தில் விட்ட வாக்கியத்தை மட்டும் நான் முடிக்கிறேன்.

எனக்குக் கேட்டது, "பாவா! ஃபேன் சுவிச்சு!"

நீ அணைத்துத்தான் வைத்திருந்தாய், கவி. போட்டது நான்.