எழும்பாத வீடு

புதூர்நாட்டில் காந்தா விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்ட மறுநாள், அவளும் புருஷன் தசரதனும் குடியிருந்த வீடு தரையைவிட்டு ஆளுயரம் எழும்பி நின்றது. ஜவ்வாது மலையில் இது புதிதல்ல. பிரியக் கிளம்பும் இருவரில் ஒருவருக்காவது இன்னும் மனசு இருந்தால் வீடு எழும்பும். இருவருக்குமே விட்டுப்போயிருந்தால் அசையாது. எழும்பிய வீட்டை மாட்டுக்கயிற்றால் புளியமரத்தில் கட்டிவிட்டு ஊரார் சாமை அறுக்கப் போய்விடுவார்கள். சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனாதான் பாவம், கதவு எட்டாமல் அடிச்சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

வீட்டை இறக்க வக்கீல் வெற்றிச்செல்வன் ஜீப்பில் வந்தார். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். வெள்ளத்திலும் பனியிலும் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவந்தவர். ஓய்வுபெற்றபின் சட்டம் படித்து, குடும்ப வழக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் வீட்டைச் சுற்றிவந்து மூலைமூலையாகத் தட்டிப் பார்ப்பார். ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுப் பார்ப்பார். பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பார். குரல்கள் தணியத் தணிய வீடும் இறங்கும். காந்தாவின் வீடு பொழுது சாயுமுன் தரையைத் தொட்டது. தசரதன் சந்தோஷத்தில் ஒரு பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றினான்.

“வூட்டம்மாவுக்குக் குடுங்க சார்,” என்றாள் காந்தா. “அவங்களாண்டயும் இப்பிடித்தான் ஒக்காந்து பேசுவீங்களா?”

பேசியதே இல்லை. மலையடிவாரத்துச் சந்தவாசலில் தன் வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எந்நேரமும் கூப்பிடுவார்கள் என்று விமானப்படையில் காத்திருந்த பழக்கம் உடம்பைவிட்டுப் போகவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போவார். படுத்தவர் எழுந்து வானத்தைப் பார்ப்பார். யாரும் கூப்பிடாமலே ஜீப்பைக் கிளப்புவார். மனைவி தேவயானி இதை முதலில் நோய் என்று நினைத்தாள், அப்புறம் வேறொருத்தி என்று நினைத்தாள், கடைசியில் நினைப்பதையே விட்டுவிட்டாள்.

பலாப்பழத்தை வாங்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “எனக்கும் ஒரு மனு எழுதிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் நீங்க ஒருத்தர்தான்.”

விளையாட்டு என்றெண்ணி எழுத உட்கார்ந்தார். அவள் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

விடிந்ததும் வெளியே ஓடினார். வீடு எழும்பவில்லை. சுற்றிச்சுற்றி வந்தார். கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்து, சுவருக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். எறும்பு நுழையவும் இடமில்லை. தன் மனசு இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். வீடு நம்பவில்லை. பனிமலையில் எஞ்சின் நின்றபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

தேவயானி பையோடு வாசற்படிக்கு வந்தாள். “இன்னாங்க தேடறீங்க?”

“போவாத தேவயானி,” என்றார் கிடந்தபடியே. “நான் வந்து சேரவே இல்ல. இப்பத்தான் தெரியுது.” வாய்விட்டு அழுதார்.

“எழுந்தா மறுபடி ஜீப்பாண்டதான் போவீங்க.”

“போவ மாட்டேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது. சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. அவளையும் பையையும் சுமந்தபடி வீடு மெதுவாக மேலே போயிற்று. எதிர்வீட்டுச் சேட்டு மாட்டுக்கயிறு எடுத்துவர ஓடினார். தேவயானி கொஞ்சநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை வைத்துவிட்டுக் குனிந்து கையை நீட்டினாள்.

மின்வாரியத்தார் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தார்கள். பால்காரர் குரலை உயர்த்திக்கொண்டார். மனுவை அவள் கோர்ட்டுக்கு அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. வெற்றிச்செல்வன் இன்னமும் மலைக்குப் போய் ஊரார் வீடுகளை இறக்கிவைக்கிறார், இருட்டுமுன் திரும்பிவிடுகிறார். தன் வீட்டை இறக்கும் எண்ணம் மட்டும் அவருக்கு இல்லை.