நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு

லேத் பட்டறையில் ஊராருக்கு இரும்பு கடைந்து கொடுத்த நேரம் போக, அவள் அண்ணனின் ஷெட்டில் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜின் பின்னால் இருக்கும் குட்டிக் கார். அதற்குள் இரண்டு மடங்கு பலமுள்ள வேறோர் இன்ஜினை உட்கார வைத்ததில், பழைய கியர் பாக்ஸ் பல்லெல்லாம் உதிர்ந்து பொக்கை வாயாகிவிட்டது.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை இந்தக் காரு தண்ணித் தொட்டி மேட்டுல ஏறணும். ஏறலைன்னா காயலான் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிடுவார். எனக்கு ஷெட் வேணும்." அவர் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

அவள் ஒரு சரக்கு வேனின் கியர் பாக்ஸைத் தேடிப் பிடித்தாள். அதற்கும் இந்த இன்ஜினுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. போல்ட் துளை ஒன்றுகூடச் சேரவில்லை. நடுவில் வைக்க அலுமினியத் தகடு ஒன்றைத் தானே கடைந்தாள். இரண்டையும் சேர்த்துத் தள்ளியபோது 'டொக்' என்று ஒரே சத்தத்தில் போய் உட்கார்ந்தது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள், நகம்கூட மாட்டவில்லை. பெருமையில் கால் தரையில் பாவவில்லை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அவள் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டாள். வாசலைப் பார்த்து நின்ற வண்டி பின்னால் போய்ப் பெயின்ட் டப்பாக்களை உருட்டித் தள்ளியது. இரண்டாவதிலும் பின்னால்தான். ரிவர்ஸ் போட்டாள், சமர்த்தாக முன்னால் நகர்ந்தது. தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேனில் இன்ஜின் கியர் பாக்ஸுக்கு முன்னால் இருந்தது, இங்கே பின்னால். பெட்டியைத் திருப்பி வைத்தால் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரத்தையும் பக்கம் மாற்றிப் போட வேண்டும். தெரியாத விஷயமா? தகடு பொருந்திய மிதப்பில் மறந்து தொலைத்திருந்தாள்.

"அப்போ எடுத்துக்கலாமா?" என்று காயலான் கடைக்காரர் கயிற்றை உதறினார்.

"தொடாதீங்க!" என்றாள். "முன்னால போறது இப்போ ரிவர்ஸ் கியர் மட்டும்தான். அது பல்லு மெலிசு, மேட்டுக்குத் தாங்காது. பின்னால போக நாலு இருக்கு. ஏறணும்னுதானே பேச்சு? முதுகைக் காட்டிட்டு ஏறுது."

வண்டியைத் தெருவில் திருப்பி, பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டினாள். கழுத்தை வளைத்துப் பின் கண்ணாடி வழியே பார்த்தபடி விட்டாள். பாதி மேடு வரை ஜோராக ஏறிய வண்டி, செங்குத்தான இடத்தில் திணறியது. பாரமெல்லாம் மூக்குப் பக்கம் சாய்ந்துவிட, பின் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுற்றிப் புகைந்தன. அவள் கைபிரேக்கை இழுத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"பின் சீட்டுல பாரம் வேணும்! அண்ணே, வா!"

அந்தக் குடும்பத்தில் பாரம் என்றால் அண்ணன்தான். அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். அவர் காயலான் கடைக்காரரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பேசாமல் நின்றிருந்தால் ஷெட் அவருக்கு.

"போங்களேன்," என்றாள் அண்ணி. "உங்க உடம்பு இன்னைக்காவது உபயோகப்படட்டும்."

அவர் ஓடினார். அவர் ஓடிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. முன் சீட்டை மடக்கித் தம் பிடித்து உள்ளே நுழைந்தார். அவர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது.

அவள் கிளட்சை விட்டாள். சக்கரம் பிடித்தது. அவள் கடைந்த தகடு அசையவில்லை, இன்ஜினின் பலம் முழுசும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் கியர், பிறகு இரண்டாவது. தண்ணீர்த் தொட்டிச் சுவர் பின் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்து நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது. தப்பாகப் பூட்டியதும் அவள்தான், ஏற்றிக் காட்டியதும் அவள்தான்.

கீழே காயலான் கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மூச்சு வாங்க, "ஹாரன் அடி" என்றார்.

"எதுக்குண்ணே?"

"சிரிச்சானுங்கல்ல? இது என் தங்கச்சி செஞ்ச வண்டின்னு தெரியட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் காத்திருக்க அண்ணனுக்குப் பொறுமையில்லை. அவள் தோளுக்கு மேலாக எட்டி, உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினார், எடுக்கவே இல்லை.