மூக்கு கேட்ட வேலை

என் புருஷன் மலக்கிக்கு வேலை இல்லாமல் இல்லை. இருந்த வேலைதான் தொல்லை. குளிர்பெட்டி லாரியில் மாட்டிறைச்சி ஏற்றிக்கொண்டு இத்தாலி வரை போய் வருவான்; மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுதான் வீடு. கல்யாணமானதிலிருந்து இதே கதைதான். என் பக்கத்தில் படுத்ததைவிட லாரியில் படுத்த ராத்திரிகள்தான் அதிகம். அதற்காக நான் அழுததில்லை. எனக்கென்று ஒரு கார் இருந்தது, நினைத்த இடத்துக்குப் போனேன், வந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் என் கண் கெட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் கறை, ஓரங்கள் மட்டும்தான் தெரியும். யாராவது எதிரே வந்து நின்றால் முகம் இருக்காது, காது இருக்கும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார் டாக்டர். கார் சாவியை நானே கதவோரத்து ஆணியில் மாட்டினேன். எங்கள் வீடு டபர்கரி ஊரைத் தாண்டி ஒரு குறுகல் பாதையின் கடைசியில் இருக்கிறது. பஸ் கிடையாது. அந்தக் குளிர்காலம் முழுக்க ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஈஸ்டருக்கு வந்த மலக்கி, சமையலறையில் நான் யாரிடமோ பேசுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. டீ போடும் கெட்டிலோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"இனிமே தினம் சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வேலைதான்," என்றான். "கிடைக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட லாரி வேலை என்றால் பால் கூட்டுறவின் டேங்கர்தான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி எடுத்து ஆலையில் சேர்ப்பது. அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பு நோரீன் லாவெல். மலக்கி அவளுக்கு போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான். நேரில் போனான், மீட்டிங்கில் இருக்கிறாள் என்றார்கள். அவள் கார் பக்கத்திலேயே மழையில் நின்றான். கடைசியில், செவ்வாய்க்கிழமை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னாள்.

"ஓட்டுறதைப் பத்தி எனக்குக் கவலையில்ல, நீங்க ஆல்ப்ஸையே தாண்டினவர்," என்றாளாம். "இங்க மூக்குதான் முக்கியம்."

அங்கேதான் உதைத்தது. பாலை ஏற்றுவதற்கு முன் டிரைவர் பண்ணையின் பால் தொட்டி மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். வாடை சரியில்லை என்றால் எடுக்கக் கூடாது. ஒரு பண்ணையின் கெட்ட பால் கலந்தால் டேங்கர் முழுக்கப் பாழ். மலக்கிக்கோ கொரோனா வந்து போனபோது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ரொட்டி கருகினால்கூட நான் சொல்லித்தான் தெரியும். இது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மேசையில் மூன்று கோப்பை பால் வைத்து அவனைப் பழக்கிப் பார்த்தேன். ஒன்று புதுசு, ஒன்று புளித்தது, ஒன்றில் வெங்காயச் சாறு.

"நடுவுல இருக்கிறதுதான் புளிச்சது," என்றான்.

"எப்படிச் சொல்ற?"

"அதை மட்டும் நீ டொக்குன்னு வெச்ச."

"பண்ணைக்காரன் தொட்டியத் தூக்கி டொக்குன்னு வைக்கமாட்டான், முட்டாளே."

பிறகு நான்தான் ஒரு திட்டம் போட்டேன். சுற்றின் முதல் பண்ணை எங்கள் பக்கத்து வீட்டு கோல்மனுடையது. மதிலைத் தடவிக்கொண்டே நான் அவன் முற்றம் வரை போய்விடுவேன். பால் கெட்டிருந்தால் இருமுவேன்.

"மத்த பண்ணைல எல்லாம் யாரு இருமுவா?" என்றான் மலக்கி.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினான். அந்த வேலை அவனுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கோல்மனின் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த இடுக்கு வாசலில் மலக்கி டேங்கரை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தான்; எஞ்சின் சத்தத்தில் ஒரு தயக்கம்கூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நோரீன் இறங்கிக் கதவைச் சாத்தினாள். நான் மூச்சை நன்றாக இழுத்தேன்.

சாணி. கோல்மன் முந்தின நாள்தான் வயல் முழுக்கச் சாணிக் கரைசல் தெளித்திருந்தான். காற்று நேராக என் முகத்தில் அடித்தது. தொட்டியில் இருப்பது பாலா டீசலா என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

"வாய்யா மலக்கி," என்றான் கோல்மன். "உன்னை மாதிரி டிரைவர் இந்த ஜில்லாவுலயே கிடையாது. அடடே, அட்ராக்டா, நீயும் வந்திருக்கியா? முகம் என்னம்மா இப்படி மின்னுது?"

மூடி திறந்தது. மலக்கி நீளமாக மூச்சிழுப்பது கேட்டது. எல்லாம் நடிப்பு. இருமுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூடி விழுந்தது.

"இதை நான் எடுக்கமாட்டேன்," என்றான் மலக்கி.

"ஏன், என்ன வாடை?" என்றாள் நோரீன்.

"தெரியாது. எனக்கு எந்த வாடையும் தெரியாது, நோரீன். கொரோனாவுல போச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான், அவனுக்கு இத்தாலி, எனக்குக் கெட்டில்.

"அப்ப எதை வெச்சு வேண்டாங்கறீங்க?"

"இந்த ஆளு என் பக்கத்து வீட்டுக்காரன். என் லாரி பாதைய அடைக்குதுன்னு நான் இங்க குடிவந்த நாள்லேருந்து திட்டறான். இன்னிக்கு என்னைப் புகழறான். என் பொண்டாட்டி முகம் மின்னுதுங்கறான். தொட்டில ஏதோ இருக்கு."

நோரீன் தானே போய் மூடியைத் திறந்தாள்.

"பூண்டு," என்றாள். "கோல்மன், மாட்டை எங்க மேய விட்டீங்க?"

"வேலி லேசா சாஞ்சிருந்துச்சு. காட்டுக்குள்ள கொஞ்சமாத்தான் மேஞ்சுதுங்க. காட்டுப்பூண்டு உடம்புக்கு நல்லதுதானே?"

"கொட்டிடுங்க," என்றவள் மலக்கி பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னது சரி. ஆனா எல்லாப் பண்ணைக்காரனும் உங்க பக்கத்து வீட்டுக்காரன் இல்லையே. மூக்கில்லாத ஆளை நான் பாலெடுக்க அனுப்ப முடியாது."

"தெரியும். பால் ஆலையிலேருந்து வெண்ணெய் ஆலைக்கு க்ரீம் கொண்டுபோற டேங்கர் ஒண்ணு இருக்கில்ல? அதை லேப்ல சோதிச்சு, சீல் வெச்சுத்தான் கொடுக்கறாங்க. அதுக்கு மூக்கு வேண்டாம்."

"அதை ஃபிண்டன் ஓட்டறான்."

"ரெண்டு ஆலை கேட்டைத் தவிர எதையும் பார்க்கறதில்ல, பேச ஒரு ஆள் இல்லன்னு ஒவ்வொரு பப்லயும் குடிச்சிட்டு அழறான். அவனைப் பண்ணைக்கு அனுப்புங்க. அதை எனக்குக் கொடுங்க."

"அவனுக்கு மூக்கு உண்டா?"

"யார் வீட்ல என்ன சமையல்னு ரோட்டுல நின்னே சொல்லுவான்," என்றேன் நான்.

"உங்களை யாரும் கேக்கலையே?"

"யாராவது கேட்டாத்தான் பேசணும்னு இருந்தா, இந்தக் குளிர்காலத்துலயே நான் செத்திருப்பேன்."

நோரீன் வேறு டிரைவரை வரவழைப்பதாகச் சொல்லி மலக்கியை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவன் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டான்.

"சுத்தை முடிக்காம நான் இறங்கமாட்டேன். நீங்க மோந்து பாருங்க, நான் ஓட்டறேன்."

அன்று முழுக்க அப்படித்தான் நடந்ததாம். ஒவ்வொரு பண்ணையிலும் அவள் மோந்துவிட்டு ஏறியதும், ஃபிண்டனுக்கு போன் பண்ணிவிட்டீர்களா என்று ஒரு தடவை கேட்பானாம். கடைசிப் பண்ணையில் தொல்லை தாங்காமல் போன் போட்டாள். அவள் பேசி முடிப்பதற்குள் ஃபிண்டன் சரி என்றுவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. டீ குடித்தான். குடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"எங்க போகணும்?"

குளிர்காலம் முழுக்க நான் மனதில் போட்டு வைத்திருந்த இடங்கள் எத்தனையோ. முடிவெட்டும் கடை, பாலிமோட் ஊரில் என் தங்கை வீடு, கடற்கரை. ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.

"சும்மா ஓட்டு," என்றேன்.

நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவன், எனக்குக் கார் கதவைத் திறந்துவிட்டான். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். கோல்மன் வீட்டைத் தாண்டும்போது அவன் மதிலுக்கு மேல் எம்பி, பாதை என்ன உங்கப்பன் சொத்தா, ஓரமாகப் போகத் தெரியாதா என்று கத்தினான்.

"இன்னிக்குப் பால் நல்லாருக்கு போல," என்றான் மலக்கி.