சாம்பிராணி குடித்த கம்ப்யூட்டர்

2006ஆம் ஆண்டு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் ஸ்டூடியோ. கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணுவதற்கென்றே, தண்ணீரால் குளிரவைக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தேன். முன்பக்க ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்கும். மேலே, ரேடியேட்டரோடு இருக்கும் ஃபேன்கள் சூட்டை வெளியே தள்ளும். பேச்சு அப்படித்தான். ஆனால் அந்தச் சனியன் பாதி வேலையில் கொதித்துப்போய் அணைந்துவிடும்.

அன்றைக்கும் அதே கூத்து. வாசல் பெஞ்சில் கொஸ்லந்த தோட்டத்து மாரியாயி அக்கா காத்திருந்தார். மகள் தனுஜாவின் கல்யாணத்தை நான்தான் படம் பிடித்தேன். அன்றைக்கே அக்காவின் கணவர் அழகர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். இன்று மத்தியானம் அவருக்கு ஆபரேஷன். அதற்குள் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டுமென்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். வார்டு டி.வி.யில் போட்டுக்காட்ட நர்ஸம்மாவும் சம்மதித்திருந்தார். டிஸ்க்தான் பாக்கி.

"தம்பி, முடிஞ்சிருச்சுங்களா?"

"இந்தா, முடிஞ்சிரும்க்கா." வாய் கூசாமல் சொன்னேன்.

ஃபேன்களைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். இன்னும் சீக்கிரமாக அணைந்தது. பழையபடி மாற்றினேன். அப்போதும் அணைந்தது. தூக்கித் தெருவில் வீசலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஜெயலெட்சுமி சாம்பிராணித் தட்டோடு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் நான் வருவதற்கு முன்பே பூஜையை முடித்துவிடுவாள். அன்றைக்கு நான் விடிந்ததிலிருந்து அங்கேயே கிடந்ததால்தான் கண்ணில் பட்டது. சாமி படத்துக்குக் காட்டியவள், அடுத்து கம்ப்யூட்டர் முன்னால் காட்டினாள். புகை மொத்தமும் உள்ளே போனது.

"பாத்தீங்களா, ஒரு பொட்டு விடாம ஏத்துக்குது. உள்ள லெச்சுமி குடியிருக்கா."

"வெள்ளிக்கு வெள்ளி இதத்தான் பண்றியா?"

"பின்ன? தொழில் பண்ற சாமானாச்சே!"

மேல் ஃபேனைக் கழற்றி ரேடியேட்டரில் டார்ச் அடித்தேன். தகட்டு இடுக்கெல்லாம் சாம்பிராணிக் கரி பிசுபிசுவென்று அப்பியிருந்தது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை. ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி என்ன பிரயோசனம்?

"புண்ணியவதி, அதுக்கு மூச்ச அடைச்சிட்டியே!" என்று கத்தினேன்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்." அவள் முகம் சுருங்கிப்போனது.

சுத்தம் செய்து, மறுபடி ஓட்டி, டிஸ்க் எடுக்கச் சாயங்காலமாகிவிடும். மாரியாயி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாண டேப்பைக் கேமராவில் செருகிக்கொண்டு அவரையும் த்ரீவீலில் ஏற்றினேன்.

வார்டில், கேமராவின் குட்டித் திரையை அழகர் அண்ணனின் முகத்தருகே பிடித்தேன். வெட்டாத, ஒட்டாத படம். மேளச் சத்தத்தில் தாலி ஏறியது. அதற்குப் பிறகு வந்தது, பாட்டுப் போட்டு மறைக்க நான் குறித்துவைத்திருந்த துண்டு. தனுஜா நேராகக் கேமராவைப் பார்த்துக் கேட்கிறாள்: "அண்ணே, அப்பா இத பாப்பாங்கதானே?"

அழகர் அண்ணன் விரலால் திரையைத் தொட்டார்.

"பாத்துட்டேன் தாயி," என்றார்.