தொட்டியில் ஒன்று குறைகிறது

1
இந்தக் கதைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர்தான் பொறுப்பு. "ஒரு காலத்துல ஏழைங்க தின்ன சிங்கி இறால் எப்படிப் பணக்காரன் தட்டுக்குப் போச்சு? அதை வெச்சு ஒரு கதை குடுங்க. முதல் வரியிலேயே கடல் வாசம் அடிக்கணும்" என்றார். அடிக்கவைத்துப் பார்த்தேன்:

அந்தி வானம் சிவந்திருந்தது. அலைகள்

(படகு வைத்திருக்கும் என் அக்கா வீட்டில் டீசல் வாசம்தான் அடிக்கும். விடுங்கள்.)

2
அக்காவிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். உள்ளே சிங்கி இறால். அன்று அது விலைபோகாத சரக்கு. நல்ல மீன் வாங்க வக்கில்லாதவர்கள் தின்பது. பிறகு ஐஸ் வந்தது, ஏற்றுமதி வந்தது, பெரிய ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். ஆளாளுக்கு அள்ளியதில் கடலில் சிங்கி குறைந்தது, கரையில் விலை ஏறியது. (விஷயம் இவ்வளவுதான். இதற்கு எதற்கு ஐயா கதை?)

இப்போது அத்தான் தன் படகில் பிடித்துவரும் சிங்கி உயிரோடு தொட்டியில் கிடந்து, உயிரோடே ஏற்றுமதி ஏஜெண்டிடம் போகிறது. செத்தால் பாதி விலை. அந்த வீட்டுக்காரர்கள் சிங்கி தின்ன வேண்டுமென்றால் அது தானாக மனது வைத்துச் சாக வேண்டும்.

3
போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நானும் போயிருந்தேன். காலையில் அக்கா தொட்டியிலேயே பெரியதைத் தூக்கினாள். அவள் கண்ணில் நீர் திரண்டது.

இதுவரை எழுதி, போனில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"நான் எதுக்குடா அழணும்? சம்பந்தி வீட்டு முன்னாடி கௌரவமா இருக்கணும்னு தோணுச்சு. ஒரே வெட்டு. அப்படியே எழுது."

எழுதிவிட்டேன்.

4
அத்தான் ஏஜெண்டோடு வந்தார். தொட்டிக்குள் பார்த்தார்.

"பெருசு எங்க?"

"செத்துப்போச்சு" என்றாள் அக்கா.

"பரவால்ல அண்ணி, கொண்டாங்க. பாதி விலை போட்டுக்கலாம்" என்றார் ஏஜெண்ட்.

"குழம்புல கிடக்கு. கரண்டி தரட்டுமா?"

அத்தான் மீதியை எடை போடத் தொடங்கிவிட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கும். மனிதர் என் வயிற்றில் அடித்துவிட்டார்.

மதியம் மாப்பிள்ளையின் அப்பா சிங்கியைத் தட்டோரம் ஒதுக்கினார். "எந்த விருந்துக்குப் போனாலும் இதையேதான் வைக்கிறாங்க. அலுத்துப்போச்சும்மா. மத்தி ஏதும் இருக்கா?"

வீட்டு ஆட்களுக்கென்று மூடிவைத்திருந்த மலிவு மத்திக் குழம்பை அக்கா எடுத்துவந்து ஊற்றினாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். அவர் வீட்டாரும் அதையே கேட்டு வாங்கினார்கள். சம்பந்தமும் முடிவாயிற்று.

5
வந்தவர்கள் போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நானும் கிளம்பிவிட்டேன். சிங்கி சட்டியோடு அடுப்படியில் இருந்தது.

ஆசிரியர் "மனசைத் தொடுற முடிவு" கேட்கிறார். முடிவு ஒன்று: அத்தான் சதையைப் பிய்த்து அக்கா தட்டில் வைக்கிறார். முடிவு இரண்டு: அக்கா சட்டியைக் கவிழ்த்துவிடுகிறாள். இரண்டையும் அவளிடம் வாசித்தேன்.

"உங்க அத்தான் வைக்கிற ஆளா? கவிழ்க்கிறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப என்னதான்க்கா நடந்துச்சு?"

"ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தோம். அதுக்கு மேல உனக்கு எதுக்கு? புருஷன் பொண்டாட்டி சாப்பிடறதையும் எட்டிப் பாப்பியா?"

போனை வைத்துவிட்டாள். ஆசிரியர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னால் ஆகாது. சட்டி நடுவில் இருக்கிறது. இருவரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முதலில் கை வைத்தார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அவரே வைத்ததாக இருக்கட்டும்.